முற்றிக் காடான உயிர்வேலியைத் திருத்தும் முறை

‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்னும் பழமொழி, காக்க வேண்டியவரே கெடுப்பதைக் குறித்து வழங்குவது. பல வருஷங்களாக அரிவாள் படாமல் வளர்ந்துவிட்ட உயிர்வேலி அப்பழமொழியைச் சொன்னபடியே மெய்யாக்குகிறது. தலை மரமாய் உயர்ந்து பயிரின்மேல் நிழலைப் பரப்புகிறது. வேர் கொல்லைக்குள் ஓடிப் பயிருக்கு இட்ட எருவையும் ஈரத்தையும் உறிஞ்சுகிறது. அடியிலோ ஆடு தாராளமாய் நுழையும்படி திறந்து கிடக்கிறது. காவலும் இல்லை, நிலமும் நஷ்டம். இத்தகைய வேலியை வேரோடு பெயர்த்தெறிந்து கம்பிவேலி போடுவதே வழி என்று பலர் எண்ணுகின்றனர். அது அவசியமன்று. அடிக்கட்டை உயிரோடிருக்கும் வேலியை மூன்று வருஷங்களிற் பகுதி பகுதியாய்க் கழித்துத் திருத்தினால், கொல்லையை ஒரு நாளும் வெறுமையாய் விடாமலே அடர்ந்த வேலியைத் திரும்பப் பெறலாம்.

பெரம்பலூர் ஜில்லா, வேப்பந்தட்டைத் தாலுகாவைச் சேர்ந்த பூலாம்பாடி, பச்சைமலையின் அடிவாரத்தை அடுத்துள்ள ஊர். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை இந்த ஜில்லாவின் முக்கியப் பயிர்கள். வருஷத்தில் ஏறக்குறைய 860 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டி விழுகிறது. மானாவாரிப் பயிர் அந்த ஒரு போகத்தையே நம்பி நிற்பது. ஆட்டு மந்தையோ மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றியோ ஓர் இரவு புகுந்தால், வருஷத்து உழைப்பு அழியும். ஆகவே இப்பக்கத்து விவசாயிகளுக்கு வேலி சிறு விஷயமன்று.

வேலி தின்னும் நிலம்

காடான வேலியால் உண்டாகும் நஷ்டத்தைப் பலர் அளந்து பார்ப்பதில்லை. சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 209 அடி நீளமிருக்கும். நான்கு பக்கமும் வேலி 6 அடி உள்ளே பரவினால், பயிருக்கு உதவாமற் போகும் இடம் 4,870 சதுர அடிக்குக் குறையாது. அதாவது ஏக்கருக்குச் சுமார் 11 சென்ட் நிலம் வேலிக்கு இரையாகிறது. அதற்கப்பாலும் நிழல் விழும் வரிசைகளிலே மக்காச்சோளக் கதிர் மணி பிடிப்பதில்லை. பருத்தி காய்ப்பது குறைந்து இலை மட்டும் தழைக்கும். தீர்வையும் உழவுச் செலவும் முழு ஏக்கருக்கே ஆகின்றன என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

வேலி கெடுவதற்குக் காரணம்

செடியின் வளர்ச்சி நுனிக் குருத்தை நாடுவது. நுனி வளரும்வரை, அடித்தண்டிலுள்ள கணுக்களின் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். மேற்கிளைகள் நெருங்கிக் குடைபோற் கவிந்தால் அடிக்கிளைகளுக்கு வெயில் கிடைப்பதில்லை. அவை காய்ந்து உதிரும். எஞ்சியவற்றை ஆடு கடித்துத் தீர்க்கும். முடிவில் மேலே தழையும் கீழே வெறுங்காலுமாக வேலி நிற்கிறது.

இந்நிலையில் பெரும்பாலோர் தலையை மட்டும் வெட்டிவிடுகின்றனர். வெட்டிய இடத்திலேயே நாலைந்து கிளைகள் வெடித்துக் குடை முன்னிலும் அகலுகிறதேயன்றி, அடி அடைபடுவதில்லை. அடி அடைபட வேண்டுமானால் வெட்டு அடியில் விழ வேண்டும். தரையை ஒட்டி வெட்டினால், உறங்கிய மொட்டுகள் விழித்து, ஒரு தண்டு நின்ற இடத்திற் பத்துத் துளிர்கள் எழும். பழைய வேர் முழுவதும் அத்துளிர்களுக்கே உணவூட்டுவதால், புதிதாய் நட்ட கன்று சில வருஷங்களில் அடையும் வளர்ச்சியை அவை ஒரு மழைக்காலத்திலேயே அடைகின்றன. திருத்தும் வேலையின் இரகசியம் இவ்வளவே.

பெயர்ப்பதா, திருத்துவதா?

ஜே.சி.பி. என வழங்கும் மண்வாரி யந்திரத்தால் வேலியைப் பெயர்ப்பது ஒரு நாள் வேலை. ஆனால் வேரோடு வரப்பும் குலைகிறது. அடுத்த மழையில் மேல்மண் ஓடைக்குப் போகிறது. தீ வைப்பது அதனிலும் கேடு. அடிக்கட்டையிலுள்ள மொட்டுகள் வெந்து போவதுடன், வரப்பிலுள்ள பனைக்கும் அடுத்தவர் போருக்கும் ஆபத்து உண்டாகும்.

வருஷந்தோறும் காய்ந்த முள்ளை வெட்டி வைப்பதும் லாபமான காரியமன்று. இதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே ஒரு சான்றுண்டு. உப்பு வரியைக் காப்பதற்காக வட இந்தியாவில் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குச் சுங்க வேலி ஒன்று 19ஆம் நூற்றாண்டில் வளர்க்கப்பட்டது. பின்னர் 1885ல் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம், 1867 முதல் 1870 வரை அந்தச் சுங்க இலாகாவுக்குத் தலைவராயிருந்தார். காய்ந்த முள்வேலிக்கு மைலுக்கு 250 டன் முள் வேண்டியிருந்ததையும், கறையான், தீ, புயல் முதலியவற்றால் வருஷந்தோறும் ஏறக்குறைய பாதி முள்ளை மாற்ற வேண்டியிருந்ததையும் கண்டு, அவர் உயிர்வேலி வளர்ப்பதிலேயே கவனத்தைச் செலுத்தினார். நல்ல இடங்களில் அது 12 அடி உயரமும் 14 அடி கனமும் கொண்டு வளர்ந்தது. உப்பு வரிக்காக ஏழைகளை வருத்திய அவ்வேலி 1879ல் கைவிடப்பட்டது நன்மையே. பின்னர் கத்தியும் காவலும் இன்றி அது அடையாளமே தெரியாமல் அழிந்தது. அத்தனை பெரிய வேலியும் ஆள் பராமரிக்கும்வரையே வேலியாயிருந்தது என்பது விவசாயிகள் கவனிக்கத்தக்கது.

நம் மாகாணத்திலும் நல்ல உதாரணம் உண்டு. கரூர், தாராபுரம், காங்கயம் பக்கங்களிற் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் குடியானவர்கள் கிளுவை வேலியை வளர்க்கின்றனர். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும். வேலி அடைவாயிருப்பதால் காங்கயம் மாடுகள் மேய்ப்பவன் இன்றியே அதனுள் மேய்கின்றன. மாட்டை உள்ளே நிறுத்தும் வேலி, வெளியே நிறுத்தவும் வல்லதன்றோ!

வேலைக்கு முன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, எல்லை. பழைய வேலிக்குள் சர்வே கற்கள் மறைந்திருப்பதுண்டு. வேலி ஒரு பக்கமாகப் பரவப் பரவ, வேலியின் நடுவே எல்லை என்று நினைப்பது தவறாய் முடியும். ஆகையால் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள புலப்படத்தைப் பார்த்துக் கல்லைக் கண்டுபிடித்த பிறகே வெட்டத் தொடங்குவது நலம். தம் நிலத்துச் சர்வே கற்களைப் பாதுகாப்பது பட்டாதாரின் கடமை என்று 1923ஆம் வருஷத்து சர்வே, எல்லைச் சட்டம் கூறுகிறது. வேலி இருவருக்கும் பொதுவானால், எந்தப் பகுதியை எந்த மாதத்தில் வெட்டுவது, முள் யாருக்கு, கூலி எப்படிப் பங்கு என்பவற்றை முன்னதாகவே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அரை நாட் பேச்சு, பல வருஷ வழக்கைத் தடுக்கும். வண்டிப்பாதை, வாய்க்கால், புறம்போக்கு ஆகியவற்றிலுள்ள மரங்களை அனுமதியின்றி வெட்டலாகாது. அவ்விடங்களில் வேலி பரவிப் பாதையை நெருக்கியிருந்தால், கிராம அதிகாரிகள் நிலக்காரருக்கு அறிவித்து, வெட்டும் பருவத்திலேயே பாதையளவைக் கல் நட்டுக் காட்டிவிடுவது பின்னால் எழும் தகராறுகளைக் குறைக்கும்.

இரண்டாவது, வேலியிலுள்ள செடிகளை இனம் பிரித்து அறிதல். கொடுக்காப்புளி, இலந்தை, சூரை, வெள்வேல், காரை, களா, நொச்சி, மருதோன்றி, ஊர்ப்பெயரை நினைவூட்டும் பூலா ஆகியவை தரையை ஒட்டி வெட்டினாலும் நன்கு துளிர்ப்பவை. கிளுவையை 2 அடி உயரத்தில் வெட்டுவது நலம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவற்றை இடுப்பளவில் நிறுத்திக் கழித்தாற் போதும். அவற்றின் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு வருமாதலால், வெட்டுபவர் கண்ணையும் கையையும் மூடிக்கொள்ள வேண்டும்.

சீமைக்கருவேலைத் தனியாகக் கருத வேண்டும். அதைத் தரையளவில் வெட்டினால் பன்மடங்காகத் தழைக்கும். அதன் நெற்றுகளைத் தின்ற ஆடு மாடுகள் விதையைக் கொல்லையெங்கும் பரப்பும். ஆகவே மண்ணுக்குள் அடிக்கட்டையோடு தோண்டி எடுத்துவிட்டு, அவ்விடத்தில் வேறு செடி வைக்க வேண்டும். வேலிக்கென்று வைத்தது ஊருக்கே பகையாவது புதிதன்று. சப்பாத்திக்கள்ளி தரிசெங்கும் பரவி, 1926ல் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட ஒருவகைப் பூச்சியாலேயே அடக்கப்பட்டது.

மூன்றாவது, உயிருக்குக் காவல். பழைய வேலி விரியனுக்கும் நாகத்துக்கும் வீடு. செருப்பின்றி இறங்கலாகாது; நீண்ட கழியால் அடித்து ஓசை செய்த பின்னரே கை வைக்க வேண்டும். மின்கம்பி மேலே செல்லும் இடத்தில் மின்வாரியத்துக்கு அறிவிக்காமற் கிளை வெட்டலாகாது.

முதல் வருஷ வேலை

வேலியின் மொத்த நீளத்தை மூன்று பங்காக்கி, வருஷத்துக்கு ஒரு பங்கை வெட்டுவதே முறை. முழுவதையும் ஒரே சமயத்தில் வெட்டினால் அந்த வருஷப் பயிர் காவலின்றிப் போகும். வேலியை நம்பி வாழும் பறவைகளுக்கும் தேனீக்களுக்கும் இடமில்லாமற் போகும். இரட்டைவாற் குருவி முதலிய பறவைகள் புழுக்களைத் தின்று உதவி செய்பவை. மக்காச்சோளத்தைக் கெடுக்கும் படைப்புழு 2018ல் இந்தியாவிற் கண்டறியப்பட்ட பின்னர், இவ்வுதவியை அலட்சியம் செய்வதற்கில்லை. கூடும் முட்டையுமுள்ள புதரைக் குஞ்சு பறக்கும்வரை விட்டுவைக்கலாம்.

மாசி, பங்குனி மாதங்களில் அறுவடை முடிந்து ஆட்கள் ஓய்ந்திருக்கும்போது, கொடிகளையும் காய்ந்த கிளைகளையும் நீக்க வேண்டும். கோவை, பிரண்டை, முடக்கற்றான் முதலியன வீட்டுக்கு உதவுபவையாயினும், வேலியின் தலையை மூடி அடியை இருட்டாக்குபவை. அவற்றை ஒரு மூலையில் மட்டும் விட்டுவைக்கலாம். புல்லுருவியைத் தாங்கும் கிளையோடு சேர்த்து அறுத்தெறிய வேண்டும். வேலியடியில் முளைக்கும் துத்தியையும் பார்த்தீனியத்தையும் வேரோடு பிடுங்குவது பருத்தி விவசாயிகளுக்கு மிகவும் அவசியம். பருத்தியைத் தாக்கும் மாவுப்பூச்சி முதலியவை பருத்தியில்லாக் காலத்தில் அக்களைகளில் தங்கியிருக்கும்.

அடிவெட்டு, ஆனி இறுதியிலிருந்து ஆடி முடிய, மழையை எதிர்பார்க்கும் சமயத்தில் நடைபெற வேண்டும். கடுங்கோடையில் வெட்டிய கட்டை துளிர்க்கும் முன் காயும். ஐப்பசிக்குப் பின் வெட்டினால் துளிர் முற்றுவதற்குள் மழை ஓய்ந்துவிடும். தரையிலிருந்து அரை அடி உயரத்திற் சாய்வாக, மழைநீர் தங்காதபடி வெட்ட வேண்டும். மழுங்கிய அரிவாளால் நாலு முறை கொத்திய கட்டை பிளந்து அழுகும். ஆகையால் கொடுவாளைத் தீட்டிக்கொள்வதும், கைகொள்ளாத தண்டுகளை இரம்பத்தால் அறுப்பதும் நலம்.

வெட்டிய முள்ளைக் கொளுத்தலாகாது. அதனையே வெட்டிய பகுதியின் இரு பக்கமும் வரிசையாய் அடுக்கி, கவைக்கோலால் அழுத்தி, முளையடித்து நிறுத்த வேண்டும். அவ்வருஷத்துக்கு அதுவே வேலியாகிறது. துளிரை ஆட்டினிடமிருந்து காப்பதும் அதுவே. இதைச் செய்யாமையாலேயே பலர் வெட்டிய வேலி கெட்டது. முதல் மூன்று மாதத் துளிரை ஆடு இரண்டு முறை கடித்தால் கட்டை சோர்ந்துவிடும். பருத்த கழிகள் விறகாகவும் ஏர்க்கால் முதலியனவாகவும் உதவும்.

பயிர்ப்பக்கத்தில், வேலியிலிருந்து 3 அடி தள்ளி, 1 அடி அகலமும் 2 அடி ஆழமும் உள்ள சால் ஒன்று வெட்டி, குறுக்கே ஓடும் வேர்களை அறுத்துவிட வேண்டும். மேட்டு நிலத்தில் இது மழைநீரையும் தேக்கும். மறுபக்கத்து வேரைத் தொடலாகாது. இரு பக்கமும் அறுத்தாற் செடி தாங்காது.

வளைத்துக் கட்டுதல்

சில இடங்களில் அடிக்கட்டைகள் வெகு தூரம் விலகி நிற்கும். அங்கே எல்லாத் தண்டையும் வெட்டிவிடாமல், மணிக்கட்டளவு பருத்த தண்டுகள் சிலவற்றை விட்டு, வளைத்துக் கட்டுவது நல்ல உபாயம். தரைக்கருகில் தண்டின் முக்காற்பங்கு அறுபடும்படி மேலிருந்து கீழாகச் சாய்வெட்டு வெட்டி, எஞ்சிய பட்டையும் நாரும் முறியாமல் வரப்பின் போக்கிலேயே படுக்கச் சாய்த்து, முளைகளினிடையே பின்னிவிட வேண்டும். படுத்த தண்டின் மேற்புறமெங்கும் துளிர்கள் நிமிர்ந்தெழுந்து இடைவெளியை அடைக்கும். எல்லாத் தண்டுகளும் ஒரே திசையிற் சாய வேண்டும். மேட்டு நிலத்தில் மேட்டை நோக்கிச் சாய்ப்பது நலம். இங்கிலாந்திலே குடியானவர்கள் தம் வேலிகளை இவ்விதமே குளிர்காலத்திற் படுக்கவைத்துப் புதுப்பிக்கின்றனர். நம் வெயிலில் படுத்த பட்டை வெந்துபோகுமாதலால், மேகமூட்டமுள்ள ஆடி நாட்களையே இதற்குத் தெரிந்தெடுத்து, வெட்டுவாயின் மேல் ஈரமண் அணைத்து வைக்க வேண்டும். கொடுக்காப்புளி, இலந்தை, நொச்சி, பூலா ஆகியவை இதற்கேற்றவை. கள்ளி ஏற்காது, முறிந்துபோகும்.

இடைவெளிகளை நிரப்புதல்

இரண்டாம் வருஷத்தில் அடுத்த பங்கை வெட்டுவதோடு, முதற் பங்கின் இடைவெளிகளையும் நிரப்ப வேண்டும். பழைய வேரிருக்கும் மண்ணிற் புதுச்செடி பிடிப்பது கடினம். ஒரு முழ ஆழம் தோண்டி, வேர்களைப் பொறுக்கியெறிந்து, மக்கிய எருவும் புது மண்ணும் இட்டு நடுவது அவசியம். கிளுவை, ஒதியன் முதலியவற்றை 3 அடி நீளப் போத்தாக, இலையுதிர்ந்திருக்கும் காலத்தில் வெட்டி, வெட்டுவாய் உலரும்படி சில நாட்கள் நிழலில் வைத்து, முதல் மழையை ஒட்டி 1 அடி ஆழத்தில் நடலாம். கள்ளிப் போத்தையும் பால் உலர்ந்த பின்னரே நட வேண்டும். கொடுக்காப்புளியையும் களாவையும் கன்றாக நடலாம். ஒரு வரிசையாக நடுவதினும், ஓரடி இடைவிட்டு இரண்டு வரிசையாய், ஒரு வரிசைச் செடி மறுவரிசைச் சந்துக்கு நேரே வருமாறு நடுவது அடைவு தரும். ஆடு கடிக்காத நொச்சியையும் ஆடாதோடையையும் வெளிப்பக்கத்திலும், முள்ளுள்ளவற்றை உட்பக்கத்திலும் வைப்பது அனுபவத்துக்கு ஒத்த முறை.

முதல் வருஷத்திற் வெட்டிய பகுதியில் துளிர்கள் மூன்றடி வளர்ந்ததும், அவற்றைப் பாதியாய்க் கழித்துவிட வேண்டும். வளர்ந்துவரும் துளிரை வெட்ட மனம் வராது. ஆயினும் இந்த வெட்டே அடியைப் பின்னலாக்குவது. இதைத் தவிர்த்தவர் வேலி மூன்றாம் வருஷத்தில் மறுபடியும் வெறுங்காலாய் நிற்கும்.

மூன்றாம் வருஷமும் அதற்கு மேலும்

கடைசிப் பங்கையும் வெட்டிய பின், வேலியின் உருவத்தை நிலைநிறுத்துவதே வேலை. கோபுரம் போல் அடி அகன்று முடி குறுகியிருக்க வேண்டும். அடியில் 3 அடி, முடியில் ஒன்றரை அடி, உயரம் 5 அடி என்னும் அளவு பெரும்பாலான கொல்லைகளுக்குப் போதும். அவ்வாறிருந்தால் அடிக்கிளைக்கு வெயில் கிட்டும். நிழலும் பயிரின்மேல் அதிகம் விழாது. நூற்றடிக்கு ஒன்றாக வேம்பு, பனை முதலிய மரங்களைக் காற்றுத் தடுப்புக்காக விட்டுவைக்கலாம். ஆடியில் ஒரு முறையும், அறுவடை முடிந்த பின் மாசியில் ஒரு முறையும் இரு பக்கமும் கழித்துவந்தால் வேலி மீண்டும் காடாகாது. கடவு வைத்த இடத்தில் திடமான படல் இருக்க வேண்டும். ஆடு முதலில் நாடுவது அவ்விடத்தையே.

வேலியின் வரம்பு

எவ்வளவு நல்ல உயிர்வேலியும் ஆட்டையும் மாட்டையும் தடுக்கும். கூட்டமாய் வரும் காட்டுப்பன்றியை முழுவதும் தடுக்கும் என்று சொல்வதற்கில்லை. அடி அடைந்த முள்வேலி பன்றியின் வழியைச் சில கடவுகளாகக் குறைக்கும். காவல் காப்பவர் அச்சில இடங்களைக் கவனித்தாற் போதும். அதற்கு மேல் நஷ்டமுண்டானால், வன இலாகாவுக்கு எழுதி நிவாரணம் கோருவதே முறை.

பன்றிக்கு அஞ்சி, வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியிற் பாய்ச்சுவோர் உண்டு. அக்கம்பி பன்றியை மட்டும் கொல்வதன்று. இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன அடுத்த கொல்லைக்காரரையும், வைத்தவரையும், அவர் பிள்ளைகளையும் அது வேறுபாடின்றிக் கொன்றிருக்கிறது. இது கடுந்தண்டனைக்குரிய குற்றம். சூரிய சக்தி முதலியவற்றால் இயங்கும், அதிர்ச்சி மட்டும் தரும் வேலிகளுக்கும் பதிவு அவசியம் என்று தமிழ்நாட்டில் 2023ல் விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. இத்தகைய திருட்டுக் கம்பிகளைக் கண்டும் காணாதிருப்பது கிராம அதிகாரிகளுக்கும் முறையாகாது. மறுபுறம், தப்பிவந்த மாட்டை அடித்துத் துன்புறுத்தாமற் பட்டியில் அடைத்து நஷ்டம் கோர 1871ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறற் சட்டமே வழி வகுத்திருக்கிறது.

முழு வேலியையும் ஒரே முயற்சியாகத் தொடங்கத் தயங்கும் நிலக்காரர், வருகிற ஆடியில் மிகவும் சீர்கெட்ட ஒரு பக்கத்தில் ஐம்பதடி நீளத்தை மட்டும் மேற்கூறியவாறு வெட்டி, முள் வைத்துக் காத்துப் பார்க்கலாம். அதற்கு வேண்டியது ஒரு நல்ல கொடுவாளும், இரண்டு ஆட்களும், ஆட்டை அண்டவிடாத கவனமுமே. கார்த்திகையில் அந்த ஐம்பதடியும் மற்றப் பகுதியும் அருகருகே நிற்கும்போது, எஞ்சியதை என்ன செய்வதென்று பிறர் சொல்லத் தேவையிராது.